தீ காட்டிய பிரேம்

எலியா மாமா பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் சைக்கிளின் பிரேம் மட்டும் இருந்தது. சக்கரம் இல்லை. செயின் இல்லை. தங்கபாய் பெட்டிக்குள் கையை விட்டு அடிவரை துழாவினாள்.

"இவ்வளவுதானா எலியா?"

"இது அலுமினியமாக்கும் அக்கா. தூக்கிப் பாரு."

தங்கபாய் தூக்கவில்லை. அவள் மகன் ஈசாக் தூக்கினான். தூக்கிய வேகத்தில் கை மேலே போய்விட்டது. இரும்புக்குப் பழகிய கை.

எலியா கார் ஓட்டிய வீட்டு வெள்ளைக்காரன் ஊர் திரும்பும்போது சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பங்கிட்டிருக்கிறான். சமையல்காரன் சோபாவை எடுத்துக்கொண்டான். எலியா இதைக் கேட்டு வாங்கினான். அக்காள் மகள் ஜெஸ்னா டிராக்கில் சைக்கிள் ஓட்டுகிறாள் என்பதும், இது டிராக் சைக்கிளின் பிரேம் என்பதும் அவனுக்குத் தெரியும்.

டிராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. பின்சக்கரமும் பெடலும் ஒன்றாகக் கட்டப்பட்டவை. சக்கரம் ஓடும்வரை கால் சுற்றியாக வேண்டும்; நடுவில் காலை நிறுத்தி இளைப்பாற முடியாது. ஜெஸ்னா மூன்று வருடமாக அப்படிப்பட்ட ஒரு ஸ்டீல் பிரேமில் ஓட்டிவந்தாள். கோச் சதாசிவன் சார் கொடுத்தது. கனமானது. பச்சை நிறம்.

அது தொண்ணூற்று நான்காம் வருடம். அவளுக்கு இருபத்து மூன்று வயது. மாநில அணிக்கான தேர்வு அடுத்த மாதம் இருந்தது. அணியில் சேர்ந்து தேசியப் போட்டியில் ஓடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். கோட்டாவுக்கு வயது வரம்பு உண்டு. அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை.

ஈசாக் பாறசாலையில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வர்க்‌ஷாப்பில் வேலை செய்தான். இரண்டு பிரேம்களையும் அங்கே கொண்டுபோய் உத்தரத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டான். சதாசிவன் சார் ஸ்கூட்டரில் வந்து பார்த்தார். அலுமினியத்தை விரலால் சுண்டினார்.

"கொள்ளாம், நல்லதுதான். பட்சே ரெண்டும் வச்சுக்க முடியாது மோளே. காட்டாக்கடை அஞ்சுவுக்கு வண்டி இல்ல. நீ ஒண்ணு எடுத்தா மத்தது அவளுக்கு."

ஜெஸ்னா பச்சை பிரேமைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது எனக்குத் தெரிஞ்ச வண்டி."

"தெரிஞ்சதுன்னா?" என்றான் ஈசாக்.

"வளைவுல எறங்கும்போ எவ்வளவு நெளியும்னு எனக்குத் தெரியும். அலுமினியம் நெளியாது. தடதடன்னு கையில அடிக்கும்."

"நெளிஞ்சா நீ மிதிக்கியது பாதி வீணாப்போவும். இதுக்க எடையில பாதிதான் அது. பிள்ளே, மூணு வருஷமா ஒரு அம்மிக்கல்லைச் சொமந்துக்கிட்டு ஜில்லாவுல ரெண்டாவது வாற. அம்மிக்கல்லை எறக்கி வச்சுப் பாரு."

"அம்மிக்கல்லு ஒடியாதுல்லா."

"அலுமினியம் ஒடியுமா? ஏரோப்ளேனு எதுலயாக்கும் செய்யுது?"

அவள் சிரித்தாள். "செரி. நீ சொல்லு அண்ணே. எது?"

"அலுமினியம்."

சதாசிவன் சார் பச்சை பிரேமை ஸ்கூட்டரில் குறுக்கே வைத்துக் கட்டினார். ஜெஸ்னா கயிற்றைப் பிடித்துக்கொடுத்தாள்.

அலுமினிய பிரேம் கறுப்பு. நடுக்குழாயில் பெரிய மஞ்சள் எழுத்துகள் இருந்தன. அது என்ன என்று தங்கபாய் கேட்டாள். எலியா யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

"பீர் கம்பெனி பேராக்கும். அங்க சைக்கிள் கிளப்புக்கெல்லாம் அவனுவதான் காசு குடுப்பான்."

தங்கபாய் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். முந்தின வருடம் சாராயக்கடைக்கு முன்னால் நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து பாட்டுப் பாடியவள்.

"எனக்க மோளு பீருக்க மேல இருந்து ஓடணுமா? சபையில எனக்கு முகம் உண்டா பின்ன?"

"அம்மே, அது வெறும் எழுத்து."

"வெறும் எழுத்தானா அழிச்சிப் போடு. ஞாயிற்றுக்கிழமை போதகர் வண்டிக்காக ஜெபிக்கதுண்டு. அதுக்குள்ள அழியணும்."

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் ஈசாக் பிரேமை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுத்தை மட்டும் தேய்த்துப் பார்த்தான். உப்புத்தாள் வழுக்கிக்கொண்டு போனது. எழுத்தின்மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு. அதை மூடி அடித்தாலும் எழுத்தின் விளிம்பு தெரியும்.

பழைய பெயிண்டை எடுக்க அவனுக்கு வேறொரு வழி தெரியும். எல்லா சைக்கிளுக்கும் செய்கிறதுதான். புளோ லாம்ப்பில் மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து, நீலத் தீயைக் குழாயின்மேல் காட்டினால் பெயிண்ட் கொப்பளிக்கும். தகட்டால் சுரண்டினால் தோலாக உரிந்து வரும். இரும்பு அதிகம் சூடானால் சிவக்கும். சிவப்பு தெரிந்தால் தீயை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அவன் கவனமாகத்தான் செய்தான். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓர் இடத்திலும் சிவக்கவில்லை. அலுமினியம் நல்லதுதான், சூட்டைத் தாங்குகிறது என்று நினைத்தான். எழுத்துகள் இருந்த இடத்தில் பூச்சு கனமாக இருந்தது. அங்கே கூடுதல் நேரம் காட்டினான்.

பிறகு வானநீலம் அடித்தான். அவன் கையில் வந்த நல்ல வேலைகளில் ஒன்று. பச்சை வண்டியிலிருந்து கழற்றி வைத்த சக்கரமும் செயினும் ஹேண்டிலும் மாட்டிய சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்கு முன்னால் நின்றது. போதகர் ஹேண்டில்மேல் கைவைத்து ஜெபித்தார். தங்கபாய் முக்காட்டுக்குள் அழுதாள்.

ஜெஸ்னா விடியற்காலையில் நெய்யாற்றின்கரைப் பாதையில் ஓட்டிப் பழகினாள். முதல் நாள் திரும்பி வந்து, "கையெல்லாம் மரத்துப் போச்சு அண்ணே," என்றாள். அடுத்த வாரம், "பறக்குது," என்றாள்.

*

தேர்வு திருவனந்தபுரத்தில். சிமெண்ட் டிராக், வளைவுகளில் சுவர் போலச் சாய்ந்து எழும்பியிருக்கும். பெண்களுக்கு மூவாயிரம் மீட்டர் துரத்தல். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு பேர் புறப்படுவார்கள். எல்லா ஜோடிகளும் ஓடி முடித்தபின், குறைந்த நேரத்தில் ஓடிய இரண்டு பேரை எடுப்பார்கள். ஜெஸ்னாவுக்கு ஜோடி காட்டாக்கடை அஞ்சு. அவள் பச்சை பிரேமைத் தள்ளிக்கொண்டு வந்து ஜெஸ்னாவின் கையைப் பிடித்தாள்.

"சேச்சி, ஒங்க வண்டி என்னை நல்லா பாத்துக்குது."

ஈசாக் நீல சைக்கிளை வேலியில் சாய்த்து டயருக்குக் காற்று அடித்தான். ரயில்வே அணியோடு சென்னையிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் செயின் மாற்றிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து குழாயைத் தடவினார்.

"சூப்பரா கீதுபா. யாரு அடிச்சது?"

"நானாக்கும்."

"கண்ணாடி மாதிரி வந்துருக்கு. பழைய பெயிண்ட்ட எதுல எடுத்த? மருந்து போட்டா?"

"தீ காட்டி எடுத்தேன்."

மெக்கானிக் கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னா சொல்ற? அலுமினியத்துக்கா?"

"செவக்கவே இல்லியே."

"அது செவக்காதுபா. உருகி ஊத்துற வரைக்கும் அப்படியேதான் இருக்கும். அதுக்கு முன்னாலயே அதோட முறுக்கு போயிடும். முறுக்கு போச்சுன்னா ஈயம் மாதிரி, வலு இருக்காது."

ஈசாக் பம்ப்பைக் கீழே வைத்தான்.

"போயிருக்குமா?"

"நான் எப்படி சொல்றது? எவ்ளோ நேரம் காட்டின?"

"பெயிண்ட் உரியது வரைக்கும்."

"போயிருக்கலாம். போகாமயும் இருக்கலாம்."

"தட்டிப் பாத்தா தெரியுமா?"

"வளைச்சுப் பாத்தாதான் தெரியும். வளைச்சுட்டா அப்புறம் எப்படி ஓட்டுறது?" அவர் வேறு பக்கம் பார்த்தார். "யாரு ஓட்டுறா?"

"எனக்க தங்கச்சி."

மெக்கானிக் தன் செயினிடம் திரும்பிப் போனார்.

ஜெஸ்னா ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிக்கொண்டு வந்தாள். அவள் முகம் வேறொன்றுக்கும் இடம் இல்லாத முகமாக இருந்தது. ஈசாக் சொன்னான். நான்கைந்து வார்த்தைகளில் சொல்லி முடித்தான்.

"ஒறப்பாத் தெரியுமா?" என்றாள்.

"இல்ல."

"பின்ன?"

"ஒடிஞ்சா?"

"இத்தற நாளு ஓட்டினேன். ஒண்ணும் ஆவல்லியே."

"அது ரோடு. இஞ்ச வளைவுல மேல இருந்து எறங்குவ. ஒடிஞ்சா கழுத்து போவும்."

மைக்கில் அவள் பெயர் கேட்டது. அவள் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்தாள்.

"ஓடி முடிச்ச பொறவு சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றாள். "தள்ளு. நான் ஓட்டுவேன்."

ஈசாக் இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். முன்சக்கரத்தின் இரண்டு நட்டுகளையும் கழற்றினான். சக்கரத்தை உருவி எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். பிரேமின் மூக்கு தரையில் இடித்தது.

"கொண்டா அதை."

"மாட்டேன்."

"எலே, சக்கரத்தைக் கொண்டா!" அண்ணனை அவள் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை.

சதாசிவன் சார் ஓடிவந்தார். "எடோ, நீ எந்தா ஈ செய்யுன்னே? ஸ்டார்ட்டர் கூப்பிடுது!" ஈசாக் சக்கரத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் ஜூனியர் பெண்கள் ஓட்டுகிற ஒரு ஸ்டீல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சீட்டை உயர்த்தினார். அது போதிய அளவு உயரவில்லை.

ஜெஸ்னா அதில்தான் ஓடினாள். முட்டி ஹேண்டிலைத் தொட்டுத் தொட்டு வந்தது. ஆனாலும் பாதித் தூரம்வரை அஞ்சுவுக்கு முன்னால் இருந்தாள். பிறகு வளைவுகளில் உடம்பு அலைந்தது. கால் தளர்ந்தும் நிறுத்த முடியாது. பெடல் காலைச் சுற்ற வைத்தது. மணி அடித்து ஓட்டம் முடிந்த பிறகும் அவள் கால்கள் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தன.

அவள் மூன்றாவதாக வந்தாள். அஞ்சு இரண்டாவது.

திரும்பும்போது நீல சைக்கிள் பஸ்ஸின் மேலே கிடந்தது. ஜெஸ்னா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் பாலராமபுரத்தில் நின்றது.

"பசிக்குது," என்றாள்.

ஈசாக் இறங்கிப் பழம் வாங்கி வந்தான். அவள் வாங்கித் தின்றாள்.

*

ஜெஸ்னா நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். பிறகு திருப்புறத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அனூப் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். நல்ல மனிதர். அஞ்சுவுக்குப் போலீசில் வேலை கிடைத்தது.

நீல பிரேமில் ஈசாக் சாதாரணச் சக்கரம் மாட்டினான். பிரேக் வைத்தான். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் வைத்தான். அதில்தான் வேலைக்குப் போனான். நல்ல பாதையை விட்டுவிட்டு ரயில்வே கேட்டைத் தாண்டும் குழிப்பாதையில் போனான். அரிசிமூட்டை ஏற்றினான். பெயிண்ட் டின்களை ஏற்றினான். மேட்டில் எழுந்து நின்று முழு உடம்பையும் போட்டு மிதித்தான். இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை.

வர்க்‌ஷாப்பில் கேலி செய்தார்கள். "அலுமினியச் சோத்துப்பானையில ஏறி வாறான் பாரு." அவனும் சிரித்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். அது ஒடிய வேண்டும். ஒடிந்தால், அன்று அவன் சக்கரத்தைக் கழற்றியது சரி. ஒடியாவிட்டால் தங்கையின் வாழ்க்கையைத்தான் அவன் கழற்றி எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று வருடம் ஓட்டினான். ஒடியவில்லை.

ஏழாம் மாதத்தில் ஜெஸ்னாவை முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். ஈசாக் வந்து சைக்கிளை நிறுத்துவான்.

"இன்னைக்கும் ஒடியல்லியா?" என்பாள்.

"இல்ல."

"நல்லாத் தின்னு. எடை போடணும்."

இருவரும் சிரிப்பார்கள். ஒரு வாரம் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் அவள் கேட்கவில்லை. தங்கபாய் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஜெஸ்னா மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நீ இந்த வண்டியை விட்டுரு."

"ஏன்?"

"நீ வந்து சேரியது வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளல்ல. ஒடிஞ்சா நீ லாரிக்க அடியில கெடப்ப."

"ஒடியட்டு."

"ஒடியாது." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். ஏறி மிதிச்சவளுக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு கேடும் இல்ல."

அவன் சைக்கிளின் சீட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஒன்னைக் குத்தம் சொல்லல்ல. ஆனா நீ தெனமும் இதுல ஏறி வந்து எனக்க முன்னால நிக்கிய. நான் தெனமும் அந்த ஓட்டத்தை இன்னொரு தடவை ஓடணும். எனக்கு இனி வய்யா, முடியல்ல அண்ணே."

மரச்சீனியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எழுந்துகொள்ளச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போகவில்லை. வர்க்‌ஷாப்பின் சாவி அவனிடம் இருந்தது. ஷட்டரைப் பாதி உயர்த்தி உள்ளே போய் மறுபடி இறக்கினான். சக்கரங்களைக் கழற்றிவிட்டு பிரேமை வேலைமேசையில் பொருத்தியிருந்த வைஸ் இடுக்கியில் பூட்டினான்.

நடுக்குழாயின் அடிப்பக்கத்தில், கூடுதல் நேரம் தீ காட்டிய இடத்தில், ஹாக்சா பிளேடை வைத்தான். நீலப்பொடியும் வெள்ளைப்பொடியும் தரையில் உதிர்ந்தன. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அறுத்து நிறுத்தினான். மிச்சம் தானாக ஒடிய வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர்களுக்கு விழுந்து ஒடிந்தது போலத் தெரியும்.

பிரேமின் மறுமுனையைப் பிடித்து அழுத்தினான். அசையவில்லை. ஏறி நின்றான். ஈயம் மாதிரி என்று அந்த மெக்கானிக் சொல்லியிருந்தார். நீளமான இரும்புக் குழாய் ஒன்றைக் கோத்து, அதன் நுனியில் தன் எடையெல்லாம் போட்டுத் தொங்கினான். இடுக்கிதான் மேசையோடு கிறீச்சிட்டது. பிரேம் வில் போல அவனைத் திருப்பித் தள்ளியது.

அவன் கீழே இறங்கினான். ஒரு லாரி டயரின்மேல் உட்கார்ந்தான்.

பாதி அறுத்தும் இந்த வலு. அறுக்காமல் இருந்தபோது? அந்தக் காலையில், அவள் ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டு வந்தபோது?

தூரத்தில் கோயிலில் ஆராதனை முடிந்த மணி அடித்தது. ஈசாக் எழுந்தான். இன்னும் ஆழமாக அறுத்தான். மேல்குழாயையும் அடியிலிருந்து அறுத்தான். பிறகு ஏறி மிதித்தான். கடைசியில் அது ஒரு சத்தத்தோடு பிய்ந்தது.

அறுத்த இடத்தை அரத்தால் கரடுமுரடாக்கினான். பழைய எண்ணெயும் மண்ணும் சேர்த்துத் தேய்த்தான். கைகளைக் கழுவினான். சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையைச் சிமெண்ட் தரையில் வைத்து, ரத்தம் வரும்வரை இழுத்தான்.

ஒடிந்த பிரேமையும் சக்கரங்களையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தங்கபாய் முற்றத்துக்கு ஓடிவந்தாள்.

"எனக்க மக்கா! என்ன ஆச்சு?"

"ஒடிஞ்சு போச்சு அம்மே. ரயில்வே கேட்டுக்கிட்ட. கொஞ்சம் தோலு போச்சு, அவ்வளவுதான்."

"கர்த்தரு காத்தாரு. மக்கா, கர்த்தரு காத்தாரு."

ஜெஸ்னா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "இஞ்ச கொண்டா," என்றாள்.

அவன் பிரேமை அவள் காலடியில் வைத்தான். அவள் பிய்ந்த குழாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே பார்த்தாள். விளிம்பில் பெருவிரலை வைத்து மெதுவாகச் சுற்றி வந்தாள். மேற்பக்கம் கிழிந்து நீட்டிக்கொண்டிருந்தது. அடிப்பக்கத்துக்கு வந்தபோது விரல் நின்றது. திரும்பி ஒருமுறை அந்த இடத்தைத் தடவியது. விரலை எடுத்துப் பார்த்தாள். எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வெள்ளைப்பொடி மினுங்கியது.

அவள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அம்மே, இதைப் பாரு," என்றாள். "அன்னைக்கு நான் இதுல ஏறியிருந்தா செத்திருப்பேன். அண்ணன்தான் எனக்க உயிரைக் காப்பாத்தினான்."

தங்கபாய் அழத் தொடங்கினாள். ஈசாக் பலாமரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெந்நி இருக்கு. எடுத்துக்கிட்டு வாறேன்," என்று ஜெஸ்னா சுவரைப் பிடித்து எழுந்தாள். செம்பில் வெந்நீரும் துணியும் கொண்டுவந்து அவனைப் படியில் உட்காரவைத்தாள். முழங்கையைத் திருப்பி, காயத்தில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ரயில்வே கேட்டில் சிமெண்ட் இல்லை. செம்மண்தான்.

"வலிக்குதா அண்ணே?"

"ஆமா."

அவள் துணியை மறுபடி நனைத்தாள்.